அண்ணாச்சி கடைப் பற்றும் ஐபாட் சண்டையும்

ஊரில் அம்மன் கொடைக்கு வந்திருந்த அக்கா மகன், வில்லுப்பாட்டு தொடங்குவதற்கு முன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். சென்னையில் வேலை. “மாமா, ஐபோன் வாங்கலாம்னு இருக்கேன். ஆனா மாறணும்னு நெனச்சாலே மலைப்பா இருக்கு” என்றான். விலையைச் சொல்கிறானோ என்று நினைத்தேன். இல்லை, பணம் சேர்த்து வைத்துவிட்டானாம். ஐந்து வருஷத்துப் போட்டோ, வாட்ஸ்அப் பேச்சு, கையில் கட்டியிருக்கும் ஸ்மார்ட் வாட்ச், காசு கொடுத்து வாங்கிய இரண்டு மூன்று ஆப், இதையெல்லாம் எப்படிப் புதுப் போனுக்குக் கொண்டுபோவது என்பதுதான் மலைப்பு.

அவனுடைய அந்த மலைப்புக்குப் பொருளாதாரத்தில் ஒரு பெயர் இருக்கிறது: ஸ்விட்ச்சிங் காஸ்ட். மாறும் செலவு என்று வைத்துக்கொள்வோம். ஒரு பொருளிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது, புதுப் பொருளின் விலைக்கு மேல் நாம் இழக்கிற பணம், நேரம், பழக்கம், அலைச்சல் எல்லாம் சேர்ந்த கணக்கு அது. இந்தச் செலவை வேண்டுமென்றே ஏற்றிவைத்து வாடிக்கையாளரை நகரவிடாமல் செய்வதற்கு லாக்-இன் என்று பெயர். கட்டிப்போடுவது என்று நாம் சொல்லலாம். பாட்டுப்பெட்டிகளுக்காகவும் போன்களுக்காகவும் பெரிய கம்பெனிகள் இருபத்தைந்து வருஷமாகப் போடும் சண்டையில் பாதி, யார் நல்ல பெட்டி செய்வது என்பதைப் பற்றியது. மீதிப் பாதி, யார் நன்றாகக் கட்டிப்போடுவது என்பதைப் பற்றியது. அந்த இரண்டாவது பாதியைப் பற்றித்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

திருநெல்வேலிப் பக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு இது ஒன்றும் புதுச் சங்கதி இல்லை. பலசரக்குக் கடை அண்ணாச்சியின் பற்று நோட்டை நினைத்துக்கொள்ளுங்கள். மாதம் முழுக்கச் சாமான் வாங்கி நோட்டில் எழுதிக்கொள்வோம். சம்பளம் வந்ததும் கொஞ்சம் அடைப்போம், மீதி அடுத்த மாதத்துக்குப் போகும். எதிர்த்த கடையில் துவரம் பருப்பு கிலோவுக்கு ஐந்து ரூபாய் குறைவு என்று தெரிகிறது. போய்விட முடியுமா? முதலில் பழைய பாக்கியை மொத்தமாக அடைக்க வேண்டும். புதுக் கடைக்காரர் எடுத்த எடுப்பில் கடன் தரமாட்டார். போகிற வழியில் பழைய அண்ணாச்சி வேறு, “என்ன, கடைப்பக்கமே காணும்?” என்று கேட்பார். ஐந்து ரூபாய்க்காக இவ்வளவு வேண்டாம் என்று பழைய கடைக்கே போகிறோம்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அண்ணாச்சி கெட்டவர் இல்லை. ராத்திரி பத்து மணிக்குக் கதவைத் தட்டினாலும் அரிசி தருவார், நம் வீட்டுக்கு எந்த அரிசி ஒத்துவரும் என்று நம்மைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். நாம் அங்கேயே நிற்பதற்குக் கட்டு பாதிக் காரணம், சுகம் பாதிக் காரணம். எது எவ்வளவு என்று நமக்கே பிரித்துச் சொல்லத் தெரியாது. போன் கம்பெனிகளின் விஷயத்திலும் அப்படித்தான். ‘எல்லாம் மோசடி’ என்பவர்கள் ஒரு பாதியைப் பார்க்கிறார்கள், ‘பிடிச்சுத்தானே வாங்குறாங்க’ என்பவர்கள் இன்னொரு பாதியைப் பார்க்கிறார்கள்.

சரி, பாட்டுக்கு வருவோம். கேசட் காலத்தில் இந்தக் கட்டு கிட்டத்தட்ட இல்லை. பிலிப்ஸ் கம்பெனி 1963-ல் கொண்டுவந்த சின்ன கேசட்டை மற்ற கம்பெனிகளும் செய்ய வழி இருந்தது. அதனால் எந்தக் கம்பெனி கேசட்டும் எந்தக் கம்பெனி டேப் ரிக்கார்டரிலும் ஓடியது. 1979-ல் சோனி வாக்மேனைக் கொண்டுவந்தபோது உலகமே அதன் பின்னால் ஓடியது. ஆனால் வாக்மேன் வாங்கியவர் நாளைக்கே வேறு கம்பெனிப் பெட்டிக்கு மாறினாலும் கேசட் அத்தனையும் கூடவே வரும். ரெக்கார்டிங் சென்டரில் தாளில் பாட்டு வரிசை எழுதிக் கொடுத்து, அறுபது நிமிஷமா தொண்ணூறு நிமிஷமா என்று சொல்லிவிட்டு, இரண்டு நாள் கழித்துப் போய் வாங்கிவந்த கேசட் யாரிடமும் அனுமதி கேட்காமல் பாடியது. கம்பெனிகள் சத்தத்திலும் விலையிலும் உழைப்பிலும் மட்டுமே மோதிக்கொள்ள முடிந்த காலம் அது.

பாட்டு கோப்பாக மாறியபோது கதை திரும்பியது. 1998-ல் முதல் எம்பி3 பிளேயர்கள் சந்தைக்கு வந்தன. கொரியாவின் சேஹான் செய்த எம்பிமேன் ஒன்று, அமெரிக்காவின் டயமண்ட் கம்பெனி செய்த ரியோ இன்னொன்று. ரியோவின் கொள்ளளவு 32 எம்பி. பத்துப் பாட்டு கொள்ளுவதே பெரிய பாடு. 2001 அக்டோபரில் ஆப்பிள் ஐபாடை அறிவித்தது: 5 ஜிபி, விலை 399 டாலர், சட்டைப்பையில் ஆயிரம் பாட்டு. இதில் ஒரு வேடிக்கை. முதல் ஐபாட் ஆப்பிளின் மேக் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான். உலகத்தில் பெரும்பாலானோரிடம் இருந்ததோ விண்டோஸ். மேக் விற்பதற்காக ஐபாடைக் கயிறாகப் பயன்படுத்தப் பார்த்தார்கள். அது தப்பான இடத்தில் போட்ட கட்டு. 2002-ல் விண்டோஸுக்கும் ஐபாட் வந்தது, 2003 அக்டோபரில், பாட்டை அடுக்கி ஐபாடில் ஏற்றும் ஐட்யூன்ஸ் மென்பொருளும் வந்தது. அதற்குப் பிறகுதான் விற்பனை நிஜமாகவே சூடு பிடித்தது.

வாய்க்கால் மடையில் மீனுக்கு மூங்கில் கூடு வைப்பார்களே, அதன் வாய் எப்படி இருக்கும்? உள்ளே வரும் பக்கம் அகலம், உள்ளிருந்து பார்த்தால் கூரான குச்சிகள். மேக் மட்டும் என்று இருந்த ஐபாடுக்கு உள்ளே வரும் வாயே குறுகல். விண்டோஸைச் சேர்த்ததும் வாய் அகலமாகிவிட்டது. உள்பக்கக் குச்சிகளை ஆப்பிள் எங்கே வைத்தது என்று பார்ப்போம்.

2003 ஏப்ரல் 28 அன்று ஆப்பிள் இணையத்தில் பாட்டுக்கடை திறந்தது. ஒரு பாட்டு 99 சென்ட். முதல் வாரத்திலேயே பத்து லட்சம் பாட்டு விற்றது. அங்கே வாங்கிய பாட்டில் ஃபேர்பிளே என்றொரு பூட்டு இருந்தது. பாட்டுத் திருட்டைத் தடுக்க இசைக் கம்பெனிகள் கேட்டு வாங்கிய பூட்டு அது. ஆனால் அதன் சாவியை ஆப்பிள் வேறு யாருக்கும் கொடுக்கவில்லை. அந்தப் பாட்டு ஐபாடில் பாடும். கிரியேட்டிவ், சாம்சங் போன்ற போட்டிக் கம்பெனிகளின் பெட்டியில் பாடாது.

இப்போது மாறும் செலவைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒருவர் 200 பாட்டு வாங்கியிருக்கிறார் என்றால் 198 டாலர். 2006 நவம்பரில் மைக்ரோசாஃப்ட் ஐபாடுக்கு எதிராக ஸூன் என்ற பெட்டியை 249 டாலருக்கு விற்றது. அவருக்கு அந்த ஸூனின் விலை உண்மையில் 249 இல்லை. சிடியில் எழுதி மறுபடி ஏற்றும் அலைச்சல் வேண்டாம் என்றால் அந்த 200 பாட்டையும் மறுபடி வாங்க வேண்டும், ஆக 447. ஸூன் எவ்வளவு நல்ல பெட்டியாக இருந்தாலும் ஓட்டம் தொடங்கும் முன்பே 198 டாலர் பின்னால் நிற்கிறது. பற்று நோட்டுப் பாக்கி மாதிரியேதான் இதுவும்.

ஆனால் இந்தக் கணக்கை அப்படியே எல்லோருக்கும் பொருத்திவிட முடியாது. 2007 பிப்ரவரியில் ஸ்டீவ் ஜாப்ஸ் ஒரு திறந்த கடிதம் எழுதினார். அதுவரை விற்ற பாட்டை விற்ற ஐபாடால் வகுத்தால் ஒரு ஐபாடுக்கு 22 பாட்டுதான் வருகிறது, ஆயிரம் பாட்டு கொள்ளும் பெட்டியில் அது மூன்று சதவீதம்கூட இல்லை, அதனால் பாட்டுப் பூட்டு யாரையும் கட்டிப்போடவில்லை என்பது அவர் வாதம். அவர் தன் கட்சிக்காகப் பேசுகிறார் என்பதை மறக்க வேண்டாம். இருந்தாலும் அந்த எண்ணில் விஷயம் இருக்கிறது. கட்டு ஒரே கயிறாக இருப்பது அபூர்வம். வருஷக்கணக்காக ஐட்யூன்ஸில் அடுக்கிவைத்த பாட்டு வரிசை, ஐபாடின் அடியில் மட்டுமே பொருந்தும் கேபிள், அந்தக் கேபிள் வாய்க்கென்றே வாங்கிய ஸ்பீக்கர், விரல் பழகிப்போன சக்கரம் என்று பத்து நூல் சேர்ந்துதான் ஆளைப் பிடித்துவைக்கிறது. தனித்தனியாக ஒவ்வொன்றும் அறுந்துபோகிற நூல்தான்.

ஸூனைப் பற்றி ஒரு வார்த்தை. அதன் பழுப்பு நிறத்தைக் கேலி செய்யாத ஆள் இல்லை. பெட்டி ஒன்றும் மோசமில்லை. மைக்ரோசாஃப்ட் சறுக்கியது வேறு இடத்தில் என்பது என் அபிப்பிராயம். ஐபாடுக்கு எதிராக அவர்கள் 2004-லேயே பிளேஸ்ஃபார்ஷ்யூர் என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்திருந்தார்கள். பல கடைகள் பாட்டு விற்கும், பல கம்பெனிகள் பெட்டி செய்யும், முத்திரை இருந்தால் எது வேண்டுமானாலும் எதிலும் ‘நிச்சயம் பாடும்’. பெயரின் பொருளே அதுதான். இரண்டு வருஷம் கழித்து மைக்ரோசாஃப்டே ஸூனைச் செய்தபோது, பிளேஸ்ஃபார்ஷ்யூர் கடைகளில் பூட்டுப் போட்டு விற்ற பாட்டு ஸூனில் பாடவில்லை! சம்பந்தி வீட்டாரை விருந்துக்கு அழைத்துவிட்டு, இலை போட்டபின் கதவைச் சாத்திய கதை. நம்பி வந்த கூட்டாளிக் கம்பெனிகளுக்கும் பாட்டு வாங்கியவர்களுக்கும் அது எப்படி இருந்திருக்கும்? 2011-ல் ஸூன் பெட்டி நின்றுபோனது. ஆப்பிளும் 2009-ல் தன் கடைப் பாட்டிலிருந்து பூட்டை எடுத்துவிடுவதாக அறிவித்தது. அதற்குள் சண்டை வேறு களத்துக்குப் போய்விட்டது.

நம் பக்கத்துக்கு ஐட்யூன்ஸ் பாட்டுக்கடை வந்ததே 2012 டிசம்பரில்தான். அதுவரை நாம் என்ன செய்தோம்? செல்போன் கடையில் மெமரி கார்டை நீட்டினோம். ‘பாட்டு ஏற்றித் தரப்படும்’ என்று பலகை மாட்டியிருக்கும். பத்தோ இருபதோ ரூபாய் கொடுத்தால் கார்டு நிறையப் பாட்டு. காப்புரிமைச் சட்டப்படி பார்த்தால் அது திருட்டுத்தான், அதில் பூசிமெழுக ஒன்றும் இல்லை. ஆனால் அந்த எம்பி3-க்குப் பூட்டு கிடையாது. நோக்கியா எக்ஸ்பிரஸ்மியூசிக்கில் பாடிய கார்டு, கழற்றிப் போட்டால் பெயர் தெரியாத சைனா செட்டிலும் காது கிழியப் பாடும். அமெரிக்காவில் பாட்டு வழியாகப் போட்ட கட்டு திருநெல்வேலியில் செல்லுபடியாகவே இல்லை.

அதற்காக நாம் தப்பித்துவிட்டோம் என்று அர்த்தம் இல்லை. நம்மைக் கட்டியது சார்ஜர் பின். நோக்கியாவின் ஒல்லிப் பின் சார்ஜர் டீக்கடையில் இருந்தது, கல்யாண மண்டபத்தில் இருந்தது, வெளியூர் உறவுக்காரர் வீட்டு ஸ்விட்ச்போர்டில் தொங்கிக்கொண்டிருந்தது. “நோக்கியா சின்னப் பின் இருக்கா?” என்று கேட்டால் கிடைக்காத இடம் கிடையாது. போன் மாற்றுகிறவர் மனதில் இதுவும் ஒரு கணக்கு. சோனி எரிக்சன் வாக்மேன் போன்கள் பாட்டுக்குப் பேர்போனவை. ஆனால் அவை பெரும்பாலும் மெமரி ஸ்டிக் என்ற சோனியின் சொந்த வகை அட்டையைத்தான் கேட்டன, சார்ஜர் வாயும் தனி. மற்றவர்கள் கார்டை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்த ஊரில் அது ஒரு தனிக் குடித்தனம். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். தனி வாய் வைப்பது எல்லோரும் உங்களிடம் இருக்கும்போது வாடிக்கையாளரைக் கட்டும். கொஞ்சம் பேர் மட்டும் இருக்கும்போது அதே தனி வாய் புது ஆளை விரட்டிவிடும்.

இந்த இடத்தில் இரண்டாவது கருத்து ஒன்று வருகிறது. ஆள் சேரச் சேர ஒரு இடத்தின் மதிப்பும் ஏறுவது; இதற்கு நெட்வொர்க் எஃபெக்ட் என்று பெயர். பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தையை எடுத்துக்கொள்ளுங்கள். வியாபாரிகள் ஏன் அங்கே வருகிறார்கள்? விவசாயிகள் காய் கொண்டுவருகிறார்கள் என்பதால். விவசாயிகள் ஏன் கொண்டுவருகிறார்கள்? வியாபாரிகள் வருகிறார்கள் என்பதால். பக்கத்தில் யாரோ இதைவிட நல்ல கூரையும் சிமெண்ட் தரையும் போட்டுப் புதுச் சந்தை திறந்தால் என்ன ஆகும்? முதல் நாள் யாரும் வரமாட்டார்கள். முதல் நாள் யாரும் வராததால் இரண்டாம் நாளும் வரமாட்டார்கள்.

2008-க்குப் பிறகு போன் சண்டை இப்படியொரு சந்தைச் சண்டையாகிவிட்டது. ஐபோன் 2007 ஜூன் 29 அன்று விற்பனைக்கு வந்தபோது வெளியார் செய்த ஆப்களை அதில் ஏற்ற கடை கிடையாது. 2008 ஜூலையில் ஆப் ஸ்டோர் சுமார் 500 ஆப்களோடு திறந்தது. அதே வருஷ அக்டோபரில் கூகுளின் ஆண்ட்ராய்டு ஓடும் முதல் போன் வந்தது. இடையில் ஆகஸ்டில் ஐபோன் 3ஜி இந்தியாவுக்கு வந்தது, 8 ஜிபிக்கு 31,000 ரூபாய். ஆப் செய்கிறவர் ஆள் இருக்கும் போனுக்குச் செய்வார், ஆள் ஆப் இருக்கும் போனை வாங்குவார். இரண்டு சந்தை களைகட்டிவிட்டது. மூன்றாவது சந்தைக்கு இடம் இல்லை.

அந்த மூன்றாவது சந்தையில் மாட்டிக்கொண்டது பின்லாந்துக் கம்பெனியான நோக்கியா. 2007 வாக்கில் உலகில் விற்ற பத்து போனில் ஏறத்தாழ நான்கு அவர்களுடையது. 2011-ல் மைக்ரோசாஃப்டோடு சேர்ந்து விண்டோஸ் போனுக்கு மாறினார்கள். பெட்டி உறுதி, கேமரா அருமை. ஆப் கொஞ்சம், அதனால் ஆள் கொஞ்சம், அதனால் ஆப் இன்னும் கொஞ்சம். 2013-ல் போன் தொழிலை மைக்ரோசாஃப்டுக்கு விற்பதாக அறிவித்தார்கள். 2006-ல் உற்பத்தி தொடங்கிய ஸ்ரீபெரும்புதூர் ஆலை அந்த விற்பனையில் சேரவில்லை, வரி வழக்கு குறுக்கே நின்றது. 2014 நவம்பரோடு ஆலை மூடப்பட்டது. அமெரிக்காவிலும் பின்லாந்திலும் யாரோ இரண்டு பேர் போடும் சண்டை என்று இதைச் சொல்லிவிட முடியாது. நம் பிள்ளைகளின் சம்பளம் அதில் போனது.

ஆப்பிளும் சாம்சங்கும் 2011 முதல் 2018 வரை கோர்ட்டில் மோதிக்கொண்டதைப் பற்றி எழுதினால் அது தனிக் கட்டுரையாகிவிடும். ஒன்று மட்டும்: முதல் ஐபோனுக்கு மூளையான சிப்பைச் செய்துகொடுத்ததே சாம்சங்தான். வழக்கு ஒரு பக்கம், வியாபாரம் ஒரு பக்கம். பங்காளி வீட்டுச் சண்டை தெரிந்தவர்களுக்கு இது புரியும்.

மாறும் செலவு என்பது இயற்கையான ஒன்று போலத் தோன்றலாம், ஆனால் அது மனிதர் ஏற்றுவது, மனிதரால் இறக்கவும் முடியும். நாமே இதைப் பார்த்திருக்கிறோம். ஒரு காலத்தில் சிம் கம்பெனியை மாற்றினால் நம்பர் போய்விடும். சொந்தக்காரர், வேலை இடம், பேங்க், கேஸ் ஏஜென்சி என்று எல்லோருக்கும் புது நம்பர் சொல்லி முடிப்பதற்குள் விடிந்துவிடும். அதற்குப் பயந்தே சிக்னல் கிடைக்காத சிம்மை மொட்டைமாடிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள் உண்டு. 2011 ஜனவரி 20 முதல் நாடு முழுக்க, நம்பரை மாற்றாமலே கம்பெனியை மாற்றலாம் என்று வந்தது. 1900-க்கு ஒரு எஸ்எம்எஸ், அப்போது 19 ரூபாய். கயிறு ஒரே வெட்டில் அறுந்தது. சார்ஜர் விஷயத்தில் ஐரோப்பிய ஒன்றியம் அதைச் செய்தது: 2024 டிசம்பர் இறுதியிலிருந்து அங்கே விற்கும் புதுப் போன் எல்லாவற்றுக்கும் யூஎஸ்பி-சி வாய் கட்டாயம். ஆப்பிள் அதற்கு முன்பே, 2023-ல் ஐபோன் 15-ல் மாறிவிட்டது. அந்த வாயைத் தொழிற்சாலையில் ஊருக்கு ஊர் மாற்றிச் செய்வது கட்டுப்படியாகாது. அதனால் ஐரோப்பாவில் போட்ட சட்டம் அம்பாசமுத்திரத்திலும் பலித்தது.

இதெல்லாம் தெரிந்தபின் என் மருமகனிடம் நான் கேட்ட கேள்வி: “இப்ப இருக்கிறதிலிருந்து மாற என்ன செலவுன்னு பார்த்துட்ட. வாங்கப்போறதை விட்டு நாளைக்கு வெளிய வர என்ன செலவுன்னு பார்த்தியா?” போட்டோவை முழு அளவில் மொத்தமாக இறக்க வழி இருக்கிறதா, வாட்ச் வேறு போனோடு சேருமா, வாங்கிய ஆப்புக்கு மறுபடி பணமா, வீட்டில் மற்றவர்கள் என்ன போன் வைத்திருக்கிறார்கள். வாட்ஸ்அப் பேச்சை ஆண்ட்ராய்டிலிருந்து ஐபோனுக்குக் கொண்டுபோக அதிகாரபூர்வமான வழி 2022-ல்தான் வந்தது, அதுவரை மாறியவர்களில் நிறையப் பேர் பழைய பேச்சை அங்கேயே விட்டுவிட்டுத்தான் போனார்கள். வாட்ச்தான் பெரிய முடிச்சு. ஆப்பிள் வாட்ச் ஐபோனோடு மட்டும்தான் சேரும், ஆண்ட்ராய்டுக்குத் திரும்பினால் அது வெறும் கைவளையம்.

அவன் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருக்கும்போது அக்கா வந்துவிட்டாள். பேச்சைப் பாதியில் கேட்டவள், “எல என்னத்தையும் வாங்கு. போன கொடைக்கு அப்பா பக்கத்துல உக்காந்து நீ பிடிச்ச வில்லுப்பாட்டு உன் போன்லதான இருக்கு, அது போயிறக் கூடாது” என்றாள். அத்தான் இப்போது இல்லை. அந்தப் பதிவில் பாட்டுக்கு நடுவே அவர் யாரிடமோ சுக்குக்காப்பி கேட்பதும் இருக்கிறது.

மருமகன் எழுந்துபோய் ரேடியோ செட்காரரிடம் ஒரு பென் டிரைவ் கடன் வாங்கி, அந்தக் கோப்பை எம்பி3-யாக அதில் இறக்கினான். அவருடைய ஆம்ப்ளிஃபயரில் செருகிச் சத்தத்தைக் குறைத்து வைத்துப் போட்டுப் பார்த்தார்கள். பாடியது. அதற்குள் கோயில் முன்னால் குடத்தைத் தட்டிவிட்டார்கள், நாங்கள் பாயை இழுத்துப் போட்டு உட்கார்ந்தோம்.